பட்டும் பசையும்

அறுந்த ரத்தக்குழாயை எந்த நூலால் கட்டுவது? இந்தக் கேள்விக்குக் கேலன் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமோன் நகரத்தில் கிளாடியேட்டர்களின் காயங்களைப் பார்த்துப் பார்த்துத் தொழில் பழகிய மருத்துவர் அவர். சுலபத்தில் மக்கிப் போகாத நூலாக எடுங்கள் என்கிறார். நல்ல லினன் நூல் கிடைக்கவில்லையா, பட்டு எடுங்கள். ரோம ஆட்சிக்கு உட்பட்ட ஊர்களில், முக்கியமாகப் பெரிய நகரங்களில், பணக்காரப் பெண்களிடம் அது இருக்கும். அவ்வளவுதான் அவர் சொல்வது. மீதியை நம் மனம் கட்டிக்கொள்கிறது. ஒரு சீமாட்டி வீட்டுக் கதவைத் தட்டி, அவள் மேலாடையின் ஓரத்திலிருந்து நாலு இழை உருவிக்கொண்டு ஓடிவரும் ஓர் உதவியாள்.

கேலன் பட்டை நம்பியதற்குக் காரணம் அது மக்காது என்பது. இந்த ஒரு குணம் அடுத்த 1,800 ஆண்டுகளில் சிறப்பாகவும் குறையாகவும் மாறி மாறிப் பேசப்பட்டது. கடைசியில் பார்த்தால் அந்தக் குணமே சரியில்லை. பட்டு உடம்புக்குள் கரையத்தான் செய்கிறது. அது தெரியவருவதற்குள் பட்டுக்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் எப்படி வந்தது, எவ்வளவு தூரம் நியாயம் என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் சுஸ்ருதர். அவர் பட்டு நூலால் காயம் தைத்தார் என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். சுஸ்ருத சம்ஹிதையில் தையலுக்கென்று சொல்லப்படும் பட்டியலில் சணல், ஆளி நார், ஒரு மரத்தின் பட்டை நார், விலங்கின் நரம்பு, முடி ஆகியவைதான் வருகின்றன. பட்டு வருவது வேறோர் இடத்தில், காயத்துக்குக் கட்டுப் போடும் துணிகளின் பட்டியலில். அங்கே கௌசேயம் இருக்கிறது, சீனப்பட்டும் இருக்கிறது. மேலே சுற்றும் துணிக்கும் உள்ளே போகும் நூலுக்கும் மருத்துவத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தோலுக்கு வெளியே இருக்கும் பொருளை உடம்பு பெரிதாகக் கண்டுகொள்ளாது. உள்ளே போனால்தான் விசாரணை ஆரம்பம்.

அந்த விசாரணையை முதலில் முறையாகக் கவனித்தவர்களில் ஜோசப் லிஸ்டர் ஒருவர். அவருக்கு முன் ரத்தக்குழாயைக் கட்டும் வழக்கம் இப்படி இருந்தது: நூலால் முடிச்சுப் போடுவார்கள், அதன் நுனியை நீளமாக விட்டுக் காயத்துக்கு வெளியே தொங்கவிடுவார்கள். காயம் சீழ் பிடிக்கும். பிடிக்கத்தான் வேண்டும் என்றே நினைத்தார்கள். நாள் கணக்கில், சில நேரம் வாரக் கணக்கில், தினமும் அந்த நுனியை மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். முடிச்சு இருந்த இடம் அழுகி, நூல் கையோடு வந்தால் நல்லது. கூடவே ரத்தம் பீறிட்டால் ஆள் காலி.

கிருமிதான் சீழுக்குக் காரணம், நூல் அல்ல என்று லிஸ்டர் நம்பினார். அப்படியென்றால் கிருமியைக் கொன்ற நூலை முடிச்சோடு ஒட்ட வெட்டி உள்ளேயே விட்டு, மேலே தைத்து மூடிவிடலாமே? 1867-இன் இறுதியில் ஒரு குதிரையின் கழுத்துத் தமனியை, கார்பாலிக் அமிலத்தில் ஊறிய பட்டு நூலால் கட்டி மூடினார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. சில வாரங்கள் கழித்துக் குதிரை வேறு காரணத்தால் இறந்தபோது திறந்து பார்த்தால் பட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. அடுத்து ஒரு பெண் நோயாளி. தொடைத் தமனியில் வீக்கம். அதே முறையில் பட்டால் கட்டினார், பிழைத்தார். சுமார் பத்து மாதம் கழித்து அவர் உடம்பில் வேறோர் இடத்திலிருந்த தமனி வீக்கம் வெடித்து இறந்தார். லிஸ்டர் பழைய முடிச்சைத் தேடிப் பார்த்தார். பட்டு ஓரளவு அரிக்கப்பட்டிருந்தது, முழுதாகப் போகவில்லை. அதைச் சுற்றிக் கொஞ்சம் சீழ் போன்ற திரவம்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. அரிக்கப்பட்டிருந்தது என்றால் உடம்பு பட்டைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். லிஸ்டரின் கண்ணில் பட்டதோ அந்தத் திரவம். பட்டு மெதுவாகப் போகிறது, போகும் வழியில் தொல்லை தருகிறது. சீக்கிரம் கரையும் நூல் வேண்டும் என்று முடிவெடுத்தார். ஆட்டுக்குடலிலிருந்து எடுக்கும் கேட்கட் நூலுக்குப் போனார். 1868-இன் கடைசி நாட்களில் ஒரு கன்றுக்குட்டியின் தமனியை அதால் கட்டி, ஒரு மாதம் கழித்துத் திறந்தார். நூல் இருந்த இடத்தில் உயிருள்ள திசு ஒரு வளையமாக வளர்ந்திருப்பதாக அவருக்குத் தெரிந்தது. செத்த பொருளை உள்ளே வைத்தால் உடம்பு அதைச் சாரமாகப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் தன் சொந்தத் திசுவைக் கட்டிக்கொள்கிறது. 1869-இல் அவர் இதை லான்செட்டில் எழுதினார். இன்றைக்குத் திசுப் பொறியியல் என்று நாம் பெயர் வைத்திருக்கும் துறையின் முழு ஆசையும் அந்தக் கன்றுக்குட்டியின் கழுத்தில் இருக்கிறது. பட்டு அந்த ஆசையிலிருந்து வெளியேற்றப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

வெளியேறியது ரொம்ப நாளைக்கு இல்லை. ஆட்டுக்குடலைச் சுத்தம் செய்வது லேசான வேலையா? பெர்ன் நகரத்தில் தைராய்டு அறுவைக்குப் பெயர் பெற்ற தியோடர் கோச்சர், தன் நோயாளிகளுக்கு வந்த தொற்றுக்குக் கேட்கட்தான் காரணம் என்று கண்டு 1880-களில் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பட்டுக்குத் திரும்பினார். பட்டைக் கொதிக்க வைக்கலாம், அசையாது. குடல் நூலைக் கொதிக்க வைத்தால் பசையாகிப் போயிடும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் இந்த வழியில் வந்தவர். கேட்கட்டுக்குப் பதில் மெல்லிய பட்டைப் பயன்படுத்தச் சொல்லி 1913-இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். அவருடைய நிபந்தனைகள் கறாரானவை. நூல் எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், முடிச்சை ஒட்ட வெட்ட வேண்டும், திசுவை அழுத்திப் பிடிக்கக் கூடாது. அவர் கைக்குப் பட்டு நன்றாக வேலை செய்தது. அவருடைய பொறுமை இல்லாத கைகளில் அதே பட்டு அப்படி நடந்துகொண்டதா என்பது வேறு கேள்வி.

இதற்கிடையில் ஸ்பெயினின் முர்சியா பகுதியில் பட்டிலிருந்து வேறொரு நூல் வந்துகொண்டிருந்தது. கூடு கட்டப்போகும் நேரத்தில் புழுவைப் பிடித்து வினிகரில் ஊறப்போடுவார்கள். பிறகு வயிற்றைக் கிழித்துப் பட்டுச் சுரப்பியை எடுத்து இரண்டு கையாலும் இழுப்பார்கள். புழு கிலோமீட்டர் கணக்கில் நூற்க வைத்திருந்த சரக்கு ஒரே தடித்த கம்பி போல முழத்தளவுக்கு நீண்டு உறைந்துவிடும். தூண்டில்காரர்கள் வாங்கினார்கள், அறுவை மருத்துவர்களும் வாங்கினார்கள். நைலான் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

நைலானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை; பல்கலைக்கழகத்தில் நான் படித்தது பாலிமர். டுபோன்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் உருவாக்கிய நைலானும் பட்டும் வேதியியல்படி பங்காளிகள். இரண்டிலும் கண்ணிகளை இணைப்பது ஒரே அமைட் பிணைப்பு. வித்தியாசம் செய்முறையில் இருக்கிறது. நைலானை இழையாக்க 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்க வேண்டும். புழு தன் சுரப்பியில் தண்ணீரில் கரைந்த புரதத்தை வைத்திருக்கிறது. தலையை எட்டுப் போட்டு ஆட்டிக்கொண்டே சாதாரண வெப்பநிலையில் அதைக் கரையாத இழையாக வெளியே விடுகிறது. தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் பொறாமைப்பட வேண்டிய விஷயம்.

போருக்குப் பிறகு நைலானும் பாலியெஸ்டரும் ஆஸ்பத்திரிக்குள் வந்தபோது பட்டின் மேல் புகார்கள் குவிய ஆரம்பித்தன. ரொம்பக் கனமான அடி 1957-இல் விழுந்தது. லண்டனில் எலெக், கோனென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சும்மா ஊசி போட்டால் ஒரு கொப்புளம் வரப் பல மில்லியன் கிருமிகள் தேவைப்பட்டன. ஒரு பட்டுத் தையலோடு சேர்ந்து போனால் சில நூறு போதுமாக இருந்தது. கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். இன்றைக்கு இப்படியொரு பரிசோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் லேசில் கையெழுத்துப் போடாது. அப்போது செய்தார்கள், அந்த எண் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது.

அந்த எண் சொல்வது என்ன? உள்ளே ஓர் அந்நியப் பொருள் இருந்தால் கிருமிக்கு ஒளிய இடம் கிடைக்கும். பட்டுத் தையல் நூல் பல இழைகளைப் பின்னியது. இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் கிருமி புகுந்துகொண்டால் அதைத் தின்ன வரும் வெள்ளணுக்களால் உள்ளே நுழைய முடியாது. இது பின்னலின் குற்றம். நைலானைப் பின்னினாலும் சந்து சந்துதான். ஆனால் "பட்டு தொற்றை வரவழைக்கும்" என்று சுருக்கிச் சொல்லும்போது பின்னல் மறைந்து பட்டு மட்டும் மிச்சமாகிவிடுகிறது.

அடுத்த புகார் ஒவ்வாமை. பட்டு நூல் போட்ட இடத்தில் சிலருக்குத் தடிப்பு, கட்டி. பட்டுக் கழிவை அடைத்த போர்வையில் படுத்த சீனக் குழந்தைகள் 64 பேருக்கு ஆஸ்துமா வந்ததைப் பற்றி 1990-இல் ஓர் ஆய்வு வந்தது. மூன்றாவது புகார் பழைய புகார்தான்: கரையாது.

இவ்வளவையும் யார் மேல் போடுவது என்று கேட்டால் நாம் நூலுக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பட்டுப்புழுக் கூட்டிலிருந்து வரும் ஓர் இழையில் இரண்டு விதப் புரதம் உண்டு. நடுவில் இரட்டை இழையாக ஓடுவது ஃபைப்ரோயின். அந்த இரண்டையும் சேர்த்து ஒட்டி மேலே பூசியிருப்பது செரிசின் என்கிற பசை. எடையில் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு, நான்கில் ஒன்று அளவுக்குப் பசைதான். கூடு கெட்டியாக நிற்பது இந்தப் பசையால். இரண்டும் ஒரே புழுவிலிருந்து வந்தாலும் குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஃபைப்ரோயினின் பெரிய சங்கிலி 5,263 அமினோ அமிலங்கள் நீளம். பெரும்பகுதி கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்று திரும்பத் திரும்ப ஒரே பாட்டைப் பாடுகிறது. எல்லாம் சின்னச் சின்ன அமிலங்கள், எனவே சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். தண்ணீர்கூட உள்ளே புக இடமில்லை. பட்டின் பலம் அங்கேதான் இருக்கிறது. செரிசின் இதற்கு நேர்மாறு. தண்ணீரை விரும்பும், கொதிநீரில் கரைந்து ஓடும்.

செரின் என்ற அமினோ அமிலத்தின் பெயரே இந்தப் பசையிலிருந்து வந்தது. 1865-இல் எமில் கிராமர் என்ற வேதியியலாளர் செரிசினைப் பிரித்துப் பார்த்தபோது முதன்முதலாகக் கிடைத்தது. பட்டுக்கு லத்தீனில் செரிகம். பட்டு வரும் தேசத்து மக்களை, அதாவது சீனர்களை, ரோமானியர்கள் செரெஸ் என்றார்கள். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கும் ஓர் அமிலம் ஒரு வணிகப் பாதையின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

பசை வேறு, இழை வேறு என்பது மருத்துவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கலாம். நெசவாளர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் அது ஆதியிலிருந்தே தெரியும். காஞ்சிபுரத்துக்கு வரும் கச்சாப் பட்டை முதலில் கொதிக்கவைத்துப் பசை எடுத்தால்தான் சாயம் ஏறும். பசை இருக்கும்வரை பட்டு முரட்டுத்தனமாக, மங்கலாக இருக்கும். மாமியார்கள் தடவிப் பார்த்து "ஒரிஜினல்தான்" என்று சொல்லும் அந்த வழுவழுப்பும் மினுமினுப்பும் பசை போன பிறகு வெளியே வருபவை. ஐரோப்பியச் சாயக்காரர்களுக்கு இதில் வேறொரு கவலை இருந்தது. பசை போனால் எடை குறையும், எடை குறைந்தால் காசு குறையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் வெள்ளீயத்தின் உப்பையும் இரும்பு உப்பையும் பட்டில் ஏற்றி இழந்த எடையை ஈடுகட்டினார்கள், சில நேரம் இழந்ததற்கு மேலேயே. அப்படி எடை ஏற்றிய பழைய பட்டாடைகள் மியூசியங்களில் இன்று தாமாகவே கிழிந்து உதிர்கின்றன.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு பழைய மருத்துவக் கட்டுரைகளைப் படித்தால் ஒரு குழப்பம் கண்ணில் படும். எல்லாவற்றிலும் "பட்டு" என்றே எழுதியிருக்கும். கண் அறுவைக்குப் பயன்பட்ட மிக மெல்லிய கன்னிப்பட்டு பசையோடு இருப்பது. பொது அறுவையில் பரவலாக இருந்த கருப்புப் பின்னல் பட்டு, பசை எடுத்து, சாயம் போட்டு, மேலே மெழுகோ சிலிகோனோ பூசியது. பசை இல்லாத, பூச்சும் இல்லாத வெறும் ஃபைப்ரோயின் மூன்றாவது. முதலாமதில் வந்த ஒவ்வாமை, இரண்டாமதில் வந்த தொற்று, இரண்டும் சேர்ந்து மூன்றாமதின் கணக்கில் எழுதப்பட்டன. மூன்றாமதை யாரும் உடம்புக்குள் வைத்துப் பார்க்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கே வாயில் அந்தக் கருப்பு நூல் இருந்திருக்கிறது. ஞானப்பல் பிடுங்கியபோது போட்டது. "பட்டு நூல்தான் தம்பி, நாக்குல குத்தாது. ஏழு நாள் கழிச்சு வாங்க, எடுத்துடலாம்" என்றார் பல் டாக்டர். உண்மையிலேயே குத்தவில்லை. பல் மருத்துவத்தில் பட்டு இன்னமும் பிழைத்திருப்பதற்கு இந்த மென்மை ஒரு முக்கியக் காரணம். அதைவிட முக்கியக் காரணம், ஏழு நாளில் எடுத்துவிடுவார்கள்.

மூன்றாமதைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கியவர்கள் ஜப்பானியர்கள். பட்டுத் தொழில் சுருங்கிக்கொண்டிருந்த நாட்டில் பட்டுக்கு வேறு வேலை தேடியதில் ஆச்சரியம் இல்லை. நோரிஹிகோ மினோராவின் குழு 1990-களில் ஃபைப்ரோயினை மெல்லிய படலமாக்கி, அதன் மேல் தோல் திசுவின் செல்களை வளர்த்தது. செல்கள் ஒட்டிக்கொண்டன, பெருகின. அப்புறம் அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானின் ஆய்வகம். கப்லானும் கிரெகரி ஆல்ட்மனும் அவர்களுடைய சகாக்களும் 2003-இல் எழுதிய ஒரு நீண்ட ஆய்வுரை, நான் மேலே சொன்ன குழப்பத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தது. இந்தத் துறைக்குள் வருகிற எல்லோரும் படிக்கும் கட்டுரை அது. மொழி வறட்சியானது, ஆனால் உள்ளே ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருப்பது தெரியும்.

அந்த வழக்கறிஞரை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பதற்கும் ஆதாரம் அதே ஆய்வகத்திலிருந்து அதே ஆண்டில் வந்தது. மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கும் செல்களோடு பட்டைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஃபைப்ரோயின் இழைக்குச் செல்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நின்ற செரிசினுக்கும் தனியாக வைத்தபோது அவை கோபப்படவில்லை. பாக்டீரியாவின் மேல்தோலிலிருந்து வரும் ஒரு நச்சுப் பொருளோடு சேர்ந்தபோதுதான் எதிர்வினை வந்தது. ஆக, பட்டின் பழியைத் தூக்கிப் பசையின் தலையில் போட்டுவிட்டுக் கை கழுவுவதும் அதே பழைய அவசரம். இன்றைக்கு அந்த செரிசினையே காயத்துக்கு மருந்தாக்கப் பார்க்கும் ஆய்வுகள் நிறைய வருகின்றன. அவற்றில் எத்தனை உருப்படும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. முகப்பூச்சு விற்பவர்களின் உற்சாகம் அதில் அதிகம் கலந்திருக்கிறது.

"கரையாது" என்ற புகாருக்கு வருகிறேன். இது அலுவலக வரையறையின் விளையாட்டு. அமெரிக்க மருந்தியல் நூல் தையல் நூலைக் கரைவது, கரையாதது என்று பிரிக்க வைத்திருக்கும் கெடு 60 நாள். அதற்குள் பெரும்பாலான பலத்தை இழந்தால் கரையும் நூல். பட்டு இழக்காது, எனவே கரையாத நூல். ஆனால் கெடுவுக்குப் பிறகும் உடம்பு சும்மா இருப்பதில்லை. பட்டு புரதம், புரதத்தை வெட்டும் நொதிகள் நம்மிடம் உண்டு. சுமார் ஓராண்டில் பலத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது, இரண்டாண்டுக்குள் போட்ட இடத்தில் அடையாளம் தெரியாமல் போகிறது. லிஸ்டர் பத்தாவது மாதத்தில் பார்த்தது இந்தப் பயணத்தின் நடுவழியை.

இந்த மந்தமான வேகம் யாருக்குத் தேவை? முழங்காலுக்குள் ஏசிஎல் என்ற லிகமெண்ட் அறுந்தவர்களைக் கேட்க வேண்டும். பந்து விளையாடுகிற எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், முழங்காலில் தழும்போடு. இளம் வயதினருடைய ஏசிஎல் சுமார் 2,000 நியூட்டன், கிட்டத்தட்ட 200 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை தாங்கும். அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. அதனால் தொடையின் பின்பக்கத் தசைநாரையோ முழங்கால் சில்லுக்குக் கீழே இருப்பதையோ வெட்டியெடுத்து அந்த இடத்தில் வைக்கிறார்கள். ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம். இதைத் தவிர்க்க 1970-களிலும் 80-களிலும் கார்பன் இழை, கோர்டெக்ஸ், பாலியெஸ்டர் என்று என்னென்னவோ வைத்துப் பார்த்தார்கள். அவை உடம்போடு கலக்காமல் மூட்டுக்குள்ளேயே தேய்ந்து, துகளாக உதிர்ந்து, வீங்க வைத்தன. கரையும் பாலிமர்களோ புதுத் திசு வளர்ந்து பலம் பிடிப்பதற்குள் விட்டுப் போய்விடும்.

சாரம் கட்டுகிற வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். சுவர் எழும்புவதற்கு முன் சாரத்தைப் பிரித்தால் மேலே நிற்பவர் விழுவார். சுவர் எழும்பிய பிறகும் பிரிக்காவிட்டால் அந்த வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. லிகமெண்ட் வளர மாதக்கணக்கில் ஆகும். ஓராண்டு நின்று பிறகு போகும் பொருள் எது? 2002-இல் ஆல்ட்மனும் கப்லானும் பசை எடுத்த பட்டு இழைகளைக் கயிறு திரிப்பது போலத் திரித்தார்கள். இழையிலிருந்து புரி, புரியிலிருந்து வடம். அதில் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மூலச் செல்களை விட்டு வளர்த்தார்கள். திரிக்கும் கோணத்தை மாற்றினால் ஏசிஎல் எப்படி நீண்டு இறுகுமோ அதற்கு நெருக்கமாக வடத்தையும் நீண்டு இறுக வைக்க முடிந்தது. லிஸ்டர் எந்த நூலைச் சீக்கிரம் போகவில்லை என்று ஒதுக்கினாரோ, அதை இவர்கள் தேர்ந்தெடுத்த காரணம் அது சீக்கிரம் போகாது என்பது. அந்தக் கன்றுக்குட்டியின் கழுத்தில் அவர் பார்க்க விரும்பியதும் இவர்கள் முழங்காலில் பார்க்க விரும்பியதும் ஒன்றுதான்.

கயிறு ஒரு வழி. இன்னொரு வழி பட்டை மறுபடி தண்ணீராக்குவது. இறுதியாண்டு ஆய்வுக்காக நானும் செய்திருக்கிறேன். கூடுகளைக் கத்தரித்து, சலவை சோடா கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க விட வேண்டும். ஈரக் கம்பளியும் வெந்த பயறும் கலந்த மாதிரி ஒரு வாடை ஆய்வகம் முழுக்கச் சுற்றும். பசை போன பட்டைக் காயவைத்தால் பஞ்சு போல இருக்கும். அதை அடர்ந்த லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் கரைந்துவிடும். இரண்டு நாள் சவ்வுப் பைக்குள் போட்டுத் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றினால் மிஞ்சுவது லேசான மஞ்சள் நிறத் திரவம். புழுவின் சுரப்பிக்குள் இருந்த நிலைக்கு ஏறக்குறையத் திரும்பிவிட்டது. இதைப் படலமாக ஊற்றலாம், உப்புத் தூள் கலந்து பஞ்சு போல நுண்துளை உள்ள கட்டியாக்கலாம், கூழாக்கி ஊசியில் ஏற்றலாம். மேசை மேல் மறந்து வைத்துவிட்டுப் போனால் அதுவே ஒரு நாள் உறைந்து ஜெல்லி ஆகியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகு பட்டு லிகமெண்ட் ஆஸ்பத்திரிகளில் வந்துவிட்டதா? இல்லை. இன்றும் தொடையிலிருந்துதான் வெட்டுகிறார்கள். ஆல்ட்மன் தொடங்கிய செரிக்கா நிறுவனத்தின் பட்டு வலை ஒன்று, மென்திசுவைத் தாங்கிப் பிடிப்பதற்காக 2008-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 2010-இல் போடோக்ஸ் விற்கும் அலர்கன் அந்த நிறுவனத்தை வாங்கியது. வலை செரி என்ற பெயரில் சந்தைக்குப் போனது. பிறகு 2015-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அலர்கனுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மார்பக அறுவைக்கு அனுமதி இல்லாத நிலையில் அதற்கென்று அந்த வலையை முன்னிறுத்துகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. முழங்காலுக்காகத் திரித்த கயிறு அழகு அறுவை விற்பனையாளரின் பையில் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆராய்ச்சிக்குக் காசு போடுகிறவர்கள் எந்த வலியில் லாபம் சீக்கிரம் வரும் என்று பார்க்கிறார்கள். அதைப் பட்டால் மாற்ற முடியாது.

அண்மையில் எனக்குப் பிடித்த பயன்பாடு தொண்டையில் இருக்கிறது. ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்தவர்களுக்குப் பேசும்போது இரண்டு நாண்களும் ஒன்றையொன்று தொடாது, காற்று கசியும், குரல் வெறும் மூச்சாகப் போகும். நுண்ணிய பட்டுத் துகள்களை ஹயலுரோனிக் அமிலக் கூழில் கலந்து அந்த நாணுக்குள் ஊசியால் ஏற்றிப் பருக்க வைக்கும் ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. கூழ் முதலில் கரையும். பட்டு மெதுவாகத்தான் போகும் என்பதால், குரல் அதிக நாள் நிற்கும் என்ற நம்பிக்கை.

துறைக்குள் இப்போது நடக்கும் சச்சரவு பெரும்பாலும் அந்த முதல் அரை மணி நேரக் கொதியைப் பற்றியது. குறைவாகக் கொதித்தால் பசை மிஞ்சும். ஒரு மணி நேரம் விட்டால் ஃபைப்ரோயின் சங்கிலிகளே துண்டுதுண்டாக உடைகின்றன. அப்படி உடைந்த பட்டு உடம்புக்குள் வேகமாகக் கரைகிறது, செல்கள் அதனிடம் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது. ஐந்து நிமிடம் கொதித்ததும் அறுபது நிமிடம் கொதித்ததும் பொருளாகப் பார்த்தால் ஒன்றில்லை. புதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று கைக்கு வந்தால் நான் தலைப்பையும் முடிவையும் விட்டுவிட்டு முதலில் செய்முறைப் பகுதிக்குப் போவேன். எத்தனை நிமிடம், எவ்வளவு சோடா, எந்த நாட்டுக் கூடு என்று தேடுவேன். சிலவற்றில் அந்த வரி இருக்கும். சிலவற்றில் இன்னமும் "பட்டு" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள்.